பின்னால் வசனம், முன்னால் ஹாரன்

ஒரு மனிதன் தூரத்தில் வரும்போதே, முகம் தெரியும் முன்பே, அவன் வண்டி ஓட்டுகிற விதத்தைப் பார்த்து “இன்னார்தான் வருகிறார்” என்று சொல்லிவிட முடியுமா? முடியும் என்கிறது வேதாகமம்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், 9-ம் அதிகாரம். யெஸ்ரயேல் நகரத்துக் கோபுரத்தின்மேல் காவல்காரன் நிற்கிறான். தொலைவில் ஒரு கூட்டம் வருவது தெரிகிறது. விசாரித்து வர ஒரு குதிரைவீரனை அனுப்புகிறார்கள்; அவன் திரும்பவில்லை. இரண்டாவது ஆளை அனுப்புகிறார்கள், அவனும் திரும்பவில்லை. ரதம் ஓடி வருகிற வேகத்தைப் பார்த்த காவல்காரன், வருவது யெகூவாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறான். அப்படிக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவன் அந்த நாட்டில் அவன் ஒருவன்தான் போலிருக்கிறது!

யெகூ சாமானிய ஆள் அல்ல. எலிசா தீர்க்கதரிசி அனுப்பிய ஆளின் கையால் ராஜாவாக அபிஷேகம் பெற்றவன். பிற்பாடு யோனதாப் என்பவரைத் தன் ரதத்தில் ஏற்றிக்கொண்டு, கர்த்தருக்காகத் தனக்குள்ள வைராக்கியத்தை வந்து பார்க்கும்படி அழைத்தவன். ஆனால் பெத்தேலிலும் தாணிலும் இருந்த பொற்கன்றுக்குட்டிகளை அவன் விடவில்லை என்பதையும் அதே புத்தகம் மறைக்காமல் சொல்கிறது.

அந்த நாட்டில் யெகூ ஒருவன். நம் பெங்களூரில் எத்தனை பேர்!

இந்த நகரத்தில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பங்கு ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும்தான். சிவாஜிநகர், அல்சூர், பிரேசர் டவுன், விவேக் நகர் பக்கம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஆட்டோவின் பின்னால் இயேசுவின் படம், காரின் கண்ணாடியில் சிலுவை, உள்ளே தொங்குகிற ஜெபமாலை, ஸ்கூட்டரின் முகப்பில் வேத வசனம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஸ்கூட்டர் சிக்னலில் நிற்கப் பொறுமையின்றி நடைபாதைமீது ஏறுகிறதே! காலை எட்டு மணிக்கு பீனியாவிலும் ஓசூர் ரோட்டிலும் கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கும்பல் கும்பலாகப் போகிற பெண்கள், அதற்குப் பயந்து சாக்கடை ஓரம் ஒதுங்குகிறார்கள். அந்தப் பெண்கள் வேதாகமத்தைத் திறந்து படித்திருக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த வேதம் அந்த வண்டி போகிற போக்குதான்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள குறையா என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மறுநாள் ஒருவழிப் பாதையில் எதிர்ப்புறமாக வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் பிறனை உன்னைப்போல நேசி என்பதைத் தன் மதத்தின் சாரமாகச் சொல்லிக்கொள்கிறவருக்குக் கூடுதல் ஜவாப்தாரி உண்டல்லவா? ரோட்டில் பிறன் என்றால் முன்னால் போகிறவனும் குறுக்கே நடக்கிறவளும்தானே?

வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். செப்டம்பர் 8-ந் தேதி சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா பெருவிழாவுக்கு ஊரே திரளுகிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் தொடங்கிய வழிபாடு, 1973-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற கோவில் என்றால் நமக்கு உரிமையும் பெருமையும் அதிகம்தான். அதற்காக வண்டியைப் பாதித் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே போகலாமா? பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்கிறோம். அரை மணி கழித்து வெளியே வந்ததும் அதே ஆள் வண்டியை எடுக்கத் தாமதமானால் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொள்கிறோம். சில சமயம் வாயிலிருந்து வருகிற வார்த்தை ஹாரனே பரவாயில்லை என்று ஆக்கிவிடுகிறது.

ஹெல்மெட்டும் சங்கீதமும்

“ஆண்டவர் காப்பாற்றுவார்” என்று சொல்லி ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். இதை விசுவாசம் என்றே நினைக்கிறார்கள். வண்டிகளில் அதிகம் ஒட்டப்படுகிற வசனங்களில் 91-ம் சங்கீதமும் ஒன்று. தேவதூதர்கள் காப்பார்கள் என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது. நல்ல வசனம்தான். ஆனால் சுவிசேஷத்தில் அதே வசனத்தை எடுத்துக்காட்டியவன் யார் என்று நினைவிருக்கிறதா? சாத்தான்! தேவாலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அந்தச் சங்கீதத்தைச் சொல்லித்தான் தூண்டினான். இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். வெறுந்தலையோடு சில்க் போர்டு சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிறவர் யார் பேச்சைக் கேட்கிறார் என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் இல்லாமல் போய் இறந்தவர்கள் மட்டும் 50,029. இதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மனைவி, தங்கை, உடன் வேலை பார்க்கிற தோழர். கர்நாடகத்தில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று 2016 ஜனவரியிலேயே கட்டாயமாக்கினார்கள். போலீஸ்காரர் கண்ணுக்காகத் தலையில் கவிழ்த்துக்கொள்கிற சட்டி போன்ற அரை ஹெல்மெட் கணக்கில் சேராது.

2023 பிப்ரவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. பாக்கியுள்ள போக்குவரத்து அபராதத்தைப் பாதி கொடுத்தால் போதும் என்று அரசு அறிவித்தது. சில நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று! பாவசங்கீர்த்தனத் தொட்டியின்முன் இத்தனை கூட்டம் சேர்ந்ததுண்டா தெரியவில்லை. கட்டியவர்களில் எத்தனை பேர் மறுநாள் சிக்னலில் நின்றார்கள் என்பதற்கு ரசீது கிடையாது.

சமாரியன் சட்டம்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற பாதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிப் போனவர்கள் இருவரும் கோவில் காரியம் பார்க்கிறவர்கள். நின்றவன் அந்நியனான சமாரியன். இந்தக் கதை தெரியாத கிறிஸ்தவர் இல்லை. ஆனால் ரோட்டில் ரத்தம் கண்டால் “போலீஸ், கோர்ட்டு என்று யார் அலைவது? ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போச்சு” என்று நகர்ந்துவிடுகிறோம். கூலிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் அந்தப் பயம் நியாயமானதே. அதைக் குறை சொல்வதற்கில்லை.

அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை என்பதைத்தான் எல்லோருக்கும் சொல்லவேண்டும். 2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு வழி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கர்நாடகமும் தனியே ஒரு சட்டம் செய்திருக்கிறது. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்குப் போட முடியாது. பெயர், விலாசம் சொல் என்று போலீசார் வற்புறுத்தக்கூடாது. விருப்பமில்லாவிட்டால் சாட்சி சொல்லவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம்; பணம் கட்டச் சொல்லி அவரை நிறுத்திவைக்க முடியாது. சட்டமே இப்படிப்பட்டவரை ‘நல்ல சமாரியன்’ என்றுதான் அழைக்கிறது. தேசத்தின் சட்டப் புத்தகத்தில் சுவிசேஷத்துப் பெயர் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இந்தச் செய்தி எத்தனை கோவில்களில் சொல்லப்பட்டது? 108-க்கு ஒரு போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை பக்கத்தில் நின்றால்கூடப் பெரிய உதவி.

ரோம் நகரத்து வத்திக்கானிலிருந்தும் 2007 ஜூனில் வாகனம் ஓட்டுவோருக்கென்று பத்துக் கட்டளைகள் வந்தன. முதலாவது, கொலை செய்யாதே என்ற பழைய கட்டளையேதான். ஐந்தாவது, கார் அதிகாரம் காட்டுகிற கருவி ஆகக்கூடாது என்பது. ஒன்பதாவது, ரோட்டில் பலவீனமானவரைக் காப்பாற்று என்பது. பெங்களூருக்கு இந்த இரண்டு போதும். பெரிய கார்க்காரர் ஸ்கூட்டரையும், ஸ்கூட்டர்காரர் நடப்பவரையும் விரட்டுகிற ஊர் இது.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. வண்டியைப் பார்த்து ஆளை எடைபோடுவதை இந்த நகரத்துத் தமிழர்கள் நெருப்பிலேயே பார்த்தவர்கள். 2016 செப்டம்பரில் காவேரித் தகராறின்போது தமிழ்நாட்டு எண் இருந்ததற்காகவே பஸ்களும் லாரிகளும் எரிக்கப்பட்டன. அது அநியாயம். ஒருவர் செய்கிற தவறுக்கு ஊர், பாஷை, மதம் எல்லாம் சேர்ந்து பேச்சு வாங்குவதும் அநியாயம்தான், ஆனாலும் வாங்குகிறது.

ஓட்டுகிறவரை மட்டும் பேசுவதும் சரியல்ல. நம்மவர்களில் பலர் கூலிக்கு ஓட்டுகிறவர்கள். பொட்டலம் கொண்டுபோகிற பையனுக்கு நிமிடக் கணக்கு. கம்பெனி வேன் டிரைவருக்கு ஷிப்டு மணி. அவசரம் அவர்களுடையது அல்ல. பின்சீட்டில் ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்து “சீக்கிரம் போ, பூசைக்கு நேரமாச்சு” என்று டிரைவரை விரட்டுகிற முதலாளியின் விசுவாசமும் அந்த வண்டியோடு சேர்ந்துதான் சிக்னலைத் தாண்டுகிறது.

சபைப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. புது வண்டி வாங்கியவர்கள் அதை மந்திரித்துத் தரும்படி கோவில் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். தீர்த்தம் தெளிக்கும் முன், போதகரானால் ஜெபம் செய்யும் முன், “லைசென்சு இருக்கிறதா? இன்சூரன்சு கட்டியாயிற்றா? உன் ஹெல்மெட் எங்கே? பின்னால் உட்காரப் போகிறவருக்கு இன்னொன்று எங்கே?” என்று கேட்கட்டும். எல்லாம் இருந்தால் தெளிக்கட்டும். இல்லையென்றால், வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டும்.