வாய் தடுமாறினால் வாசிக்கத் தெரியாது என்று அர்த்தமா?

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளி. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அட்டையில் உள்ள ‘வரப்பு’ என்ற சொல்லை ‘வலப்பு’ என்று வாசிக்கிறாள் என வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அடுத்த சொல்லுக்கு அவள் வாயே திறக்கவில்லை. ‘வாசிக்கத் தெரியவில்லை’ என்று பதிவாகிவிடுகிறது.

உண்மையில் அவளுக்கு எழுத்து தெரியும். நாக்குதான் இன்னும் ‘ர’வுக்குப் பழகவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், குழந்தைகளின் நிலையை மதிப்பிட்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், உச்சரிப்புப் பிழையை வாசிப்புப் பிழையாக எடுத்துக்கொண்டால், தெரிந்த பாடத்தையே குழந்தை திரும்பப் படிக்க நேரும். கூச்சம் வேறு சேர்ந்துகொள்ளும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. வரப்பு, பரப்பு, வரவு, வயல் என நான்கு சொற்களை எழுதி, “இதுல வரப்பு எது?” என்று கேட்டு, விரலால் தொடச் சொல்லுங்கள். ‘கதவைத் தொடு’ என்று எழுதிக் காட்டி, மனதுக்குள் படித்துச் செய்யச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் வாசிப்பு வந்துவிட்டது. பயிற்சி பேச்சுக்குத்தான் தேவை. இதிலும் தடுமாறினால் எழுத்துப் பயிற்சியும் வேண்டும். திக்கிப் பேசும் குழந்தை வாசிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

மதிப்பீட்டுக்கு முன்பே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, எந்தெந்த எழுத்து வாயில் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். தனியாக உட்காரவைத்துக் கேட்கும்படி வேண்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படிச் சான்று பெற்ற குழந்தைகளுக்குக் கூடுதல் நேரம் போன்ற தேர்வுச் சலுகைகளுக்கும் அதில் இடமுண்டு.

முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். பள்ளிக்கு வரும் ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம்’ மருத்துவக் குழுவிடம் காட்டலாம். சிறப்பாசிரியரின் உதவிக்கு வட்டார வள மையத்தில் கேட்கலாம்.

வீட்டில், “சரியாச் சொல்லு” என்று அதட்ட வேண்டாம். “வலப்புல நண்டு!” என்று குழந்தை ஓடி வந்தால், “அட, வரப்புல நண்டா! எங்கே?” என்று கேளுங்கள். சரியான ஒலி அதன் காதில் விழும், பேச்சும் நிற்காது. நடவு, அறுப்பு நாட்களில் அசதியாகத்தான் இருக்கும். சோறு வேகும் பத்து நிமிஷம் போதும்.