கொலைக் குற்றத்துக்கான தூக்குத் தண்டனையை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்: சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், செண்பகத்தோப்பு, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்கள். வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், விருதுநகர்.

ஐயா,

பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவு கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. அதிலுள்ள மரண தண்டனையை நீக்க வேண்டுகிறோம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனைத் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 என நாள் குறித்தார்கள். உயர் நீதிமன்றத் தடையால் உயிர் தப்பினார். தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி 2013-இல்தான் வெளியே சொன்னார். குறித்த நாளில் தூக்கிலிட்டிருந்தால் அந்த உண்மையால் யாருக்கு என்ன பயன்?

சென்னை முகலிவாக்கத்தில் 2017-இல் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். மறு ஆண்டே விசாரணை நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று அதே நபரை விடுவித்தது. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு முறையான வாய்ப்புத் தரப்படவில்லை என்றும் கண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தத் தூக்குத் தீர்ப்பு என்ன தந்தது? அவர்களுக்குத் தேவைப்பட்டது பிழையில்லாத புலனாய்வு. அவர்களின் துயரத்தை மறந்து நாங்கள் இதை எழுதவில்லை.

எங்களுடையது மலையடிவாரம். பளியர் குடும்பங்களும் தோட்டக் கூலிகளும் வாழும் இடம். இங்குள்ள ஒருவர்மீது கொலை வழக்கு விழுந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் அனுபவமுள்ள வக்கீலை வைக்க வீட்டை விற்றாலும் முடியாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தவறியதை எந்த மேல்முறையீடும் முழுதாகச் சரிசெய்வதில்லை. தூக்கின் அச்சம் எங்களுக்கு இப்படித்தான் வருகிறது.

பயங்கரவாதமும் போர் தொடுத்தலும் தவிர மற்றக் குற்றங்களுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 262-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பாரதிய நியாய சன்ஹிதாவை இயற்றியபோதும் ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை.

குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் உள்ளது. 2025 ஜனவரியில் அதே சன்ஹிதாவுக்கு நம் சட்டப்பேரவை திருத்தம் நிறைவேற்றியதுபோல, 103-ஆவது பிரிவுக்கும் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை, தூக்கு விதிக்கப்பட்டோரின் தண்டனையை அரசமைப்பின் 161-ஆவது பிரிவின்கீழ் ஆயுளாகக் குறைக்க அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைக்க வேண்டும். கொலை வழக்கில் கைதாகும் ஏழைக்கு, கைதான நாளிலிருந்தே சட்டப்பணிகள் ஆணைக்குழு மூத்த வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். கொலையுண்டோர் குடும்பத்துக்கான இழப்பீட்டைத் தீர்ப்பு வரும்வரை காக்கவைக்காமல் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள்,
செண்பகத்தோப்பு.