வெறும் ஆவிதானே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் மதிய உணவு சாப்பிட்டோம். பிறகு நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் அண்ணன் மகன் பக்கத்தில் வந்து நின்றான். கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கியபடியே, "அத்தை, மின்சிகரெட் பிடித்தால் எக்ஸிமா அதிகமாகுமா?" என்று மெதுவாகக் கேட்டான். நண்பன் ஒருவனுக்காகக் கேட்கிறானாம். "அதில் புகையே இல்லையே, அத்தை. வெறும் ஆவிதானே?"

அந்த நண்பன் யார் என்று நான் கேட்கவில்லை. "தெரிந்துகொண்டு சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் இருவருக்குமே எக்ஸிமா இருக்கிறது. என் பாட்டிக்கும் இருந்தது. பாட்டி அதைக் 'கரப்பான்' என்பார். சிறு வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு, தூங்கும்போது கரப்பான்பூச்சிதான் என் முழங்கையைக் கடித்துவிட்டது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால், நாற்பது ஆண்டுகளாக இந்தத் தோலோடு வாழ்கிறேன். அதனால், எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு.

சிங்கப்பூரில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எக்ஸிமா இருப்பதாகக் கூறுகிறார்கள். உங்கள் வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அது சாதாரண அரிப்பாகத் தெரியலாம். ஆனால், எக்ஸிமா உள்ளவர்களின் இரவு எப்படிப்பட்டது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நள்ளிரவில், தூக்கத்திலேயே கை சொறியத் தொடங்கிவிடும். காலையில் படுக்கை விரிப்பில் இரத்தப் புள்ளிகள் இருக்கும். வெயிலில் நடந்தால் வியர்வை பட்டு எரியும். வெயிலைத் தவிர்த்துக் குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்தால் தோல் வறண்டு வெடிக்கும். உடற்கல்விப் பாடத்தின்போது அரைக்கால் சட்டை அணியவே கூச்சமாக இருக்கும். "தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஒட்டிக்கொள்ளாது. இருந்தாலும், அந்தக் கேள்வியை நான் தொடக்கநிலை இரண்டில் முதன்முதலாகக் கேட்ட நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள்தாம் செங்கற்கள். அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புப் பொருள்கள் சிமெண்டுக் கலவை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியிலிருக்கும் தூசும் கிருமியும் உள்ளே நுழையாமலும் அந்தச் சுவர் காக்கிறது. எக்ஸிமா உள்ள பலருக்கு அந்தச் சுவர் பிறவியிலேயே பலவீனமாக இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். விரிசல் விட்ட சுவருக்குள் எதுவும் எளிதாகப் புகுந்துவிடும். மற்றவர்களை ஒன்றும் செய்யாத சோப்புகூட எங்கள் தோலைச் சிவக்க வைப்பது இதனால்தான்.

சரி, அந்த 'ஆவி'யில் என்னதான் இருக்கிறது?

ஆவி என்றதும் நமக்கு இட்லிப் பானையிலிருந்து எழும் நீராவிதான் நினைவுக்கு வருகிறது. பலரையும் ஏமாற்றுவது அந்தச் சொல்தான். மின்சிகரெட்டிலிருந்து வருவது நீராவி அன்று. ஒரு திரவத்தை மின்கலத்தால் சூடாக்கும்போது கிளம்பும் நுண்துளிகளின் படலம் அது. அந்தத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள் ஆகியவை இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நிக்கோட்டினும் இருக்கிறது. சூடாகும்போது இவை அப்படியே இருப்பதில்லை. ஃபார்மால்டிஹைடு போன்ற புதிய நச்சுப் பொருள்களும் உண்டாகின்றன.

புரோப்பிலீன் கிளைக்கால் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். "அது கேக்கிலும் இருக்கிறது, முகத்தில் பூசும் களிம்பிலும் இருக்கிறது. பிறகு என்ன பயம்?" என்று மின்சிகரெட்டுக்குப் பரிந்து பேசுபவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால், தின்பதும் சூடாக்கி உள்ளிழுப்பதும் ஒன்றாகிவிடுமா? மேலும், களிம்பில் இருக்கும்போதே அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. தோல் ஒவ்வாமையைப் பற்றி ஆராயும் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று, 2018ஆம் ஆண்டின் 'ஒவ்வாமைப் பொருள்' என்று அதைத்தான் அறிவித்தது. எக்ஸிமா உள்ளவர்கள் பலர் களிம்பு வாங்கும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்தப் பொருளையே இழுத்து ஊதினால், வெளிவரும் படலம் முகத்திலும் விரல்களிலும் படியத்தானே செய்யும்?

அடுத்து நிக்கல். மலிவான காதணியோ இடைவார்க் கொக்கியோ பட்ட இடத்தில் சிலருக்குத் தடிப்பு உண்டாவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். பல மின்சிகரெட்டுகளில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளில் நிக்கல் கலந்திருக்கிறது. சிலவற்றின் மேலுறையிலும் அது உண்டு. கருவியைப் பிடிக்கும் கையில் மட்டும் தடிப்பு வந்து, காரணம் புரியாமல் மருத்துவரைத் தேடிப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

நிக்கோட்டின் செய்வது வேறு. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தோலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அதனால், புண் ஆறத் தாமதமாகிறது. அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே புகைபிடிப்பதை நிறுத்துமாறு மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சொறிந்து சொறிந்துப் புண்ணாகும் தோல், நாள்தோறும் ஆறிக்கொண்டே இருக்க வேண்டிய தோல். போதாததற்கு, நிக்கோட்டின் தூக்கத்தையும் கெடுக்கும். ஏற்கெனவே அரிப்பால் பாதி இரவைத் தொலைப்பவனுக்கு மீதிப் பாதியும் போய்விடும். மனஅழுத்தத்தைக் குறைக்கத்தான் பிடிக்கிறோம் என்பார்கள். ஆனால், பழகிய பிறகு நிக்கோட்டின் கிடைக்காத நேரத்தில் எரிச்சலும் படபடப்பும் வரும். மனஅழுத்தம் எக்ஸிமாவைத் தூண்டும் என்பது தேர்வுக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் அனுபவமாகத் தெரியும்.

இவ்வளவும் படித்த பிறகு, "ஆமாம், மின்சிகரெட்டால் எக்ஸிமா அதிகமாகும்" என்று என் மருமகனிடம் உறுதியாகச் சொல்லலாமா? அங்குதான் நான் தயங்கினேன். சிகரெட் புகைக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மின்சிகரெட்டைப் பொறுத்தவரை ஆய்வுகள் இன்னும் குறைவு. தென்கொரியாவில் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், இத்தகைய புதுவகைப் புகைப்பொருள்களைப் பயன்படுத்துபவர்களிடையே ஒவ்வாமை நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால், இரண்டு ஒன்றாக இருப்பதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறிவியல் பாடத்தில் நீங்களும் இதைப் படித்திருப்பீர்கள்.

இந்த ஐயத்தைத்தான் விற்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். "கெடுதல் என்று நிரூபிக்கப்படவில்லையே" என்கிறார்கள். 'நிரூபிக்கப்படவில்லை' என்பதை 'பாதுகாப்பானது' என்று நம் காதில் விழச் செய்துவிடுகிறார்கள். சிகரெட்டின் கதையைப் பாருங்கள். இயந்திரங்களால் சிகரெட்டைக் குவியல் குவியலாகத் தயாரிக்கத் தொடங்கியது 1880களில். அதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபர்டு ஹில் இருவரும் எடுத்துக்காட்டிய ஆய்வு வெளிவந்தது 1950இல். இடையில் இரண்டு தலைமுறைகள் புகைத்து முடித்துவிட்டன. இன்றைய மின்சிகரெட் சீனாவில் உருவானது 2003ஆம் ஆண்டுவாக்கில்தான். அதன் விளைவுகளை முழுமையாக அறிய இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை யாருடைய தோலில் சோதித்துப் பார்ப்பது? ஐயம் இருக்கும்போது அதன் பலன் கருவிக்கு அன்று, தோலுக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து.

புகைபிடிக்கும் பழக்கத்தை விட முடியாத பெரியவர்களுக்குப் பிரிட்டனில் மின்சிகரெட்டை ஒரு மாற்றாகப் பரிந்துரைக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், பதினைந்து வயதில், சிகரெட்டையே தொடாதவன் எதற்கு மாற்றாக அதைப் பிடிக்க வேண்டும்?

சிங்கப்பூரில் இது சட்டவிரோதம் என்பது உங்களுக்குத் தெரியும். 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனை இன்னும் கடுமையாகிவிட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர் முதன்முறை பிடிபட்டால் 500 வெள்ளி அபராதம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு 700 வெள்ளி. அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கள்ளத்தனமாக விற்கப்படும் பொருளில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் நம்ப முடியாது. எக்ஸிமா உள்ளவர்கள் ஷாம்பூ போத்தலைக்கூடத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாங்குவோம். சில மின்சிகரெட்டுகளில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்றதால்தான் அது 2025இல் 'சி' பிரிவுப் போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது. அந்த மருந்து, உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கக்கூடியது. அழற்சியை அடக்க உடல் தானே தயாரித்துக்கொள்ளும் ஹார்மோன் அது. எக்ஸிமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் நான் பார்க்கும் சுவரொட்டிகள் நுரையீரலைப் பற்றியும் அபராதத்தைப் பற்றியும் பேசுகின்றன. தோலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதினைந்து வயதில் நுரையீரல் எங்கோ உள்ளே இருக்கிறது. கண்ணாடியில் தினமும் தெரிவது தோல்தான். அச்சுறுத்தல் மட்டுமே காதில் விழும்போது, பிள்ளைகள் பழக்கத்தை விடுவதற்குப் பதிலாக மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பெற்றோரிடம் மட்டுமன்றி மருத்துவரிடமும் மறைக்கிறார்கள். அவர் சோப்பை மாற்றச் சொல்வார், களிம்பை மாற்றிக் கொடுப்பார், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்கச் சொல்வார். தடிப்பு மட்டும் போகாது. தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கமே அறிவித்திருக்கிறது. அந்தச் செய்தி, அபராதத் தொகையைப் போலப் பெரிய எழுத்தில் எங்கும் என் கண்ணில் படவில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்கு மறுபடியும் போனேன். நான் தெரிந்துகொண்டதை எல்லாம் மருமகனிடம் சொன்னேன். உறுதியாகத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதையும் பிரித்துச் சொன்னேன். "உன் நண்பனைத் தோல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். அவர் முதலில் பார்ப்பது தோலைத்தான்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வலக்கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இருந்த சிவந்த திட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நான் கிளம்பும்போது மின்தூக்கி வரை கூடவே வந்தான்.

"அத்தை, வியாழக்கிழமை எனக்குத் தோல் மருத்துவரைப் பார்க்கும் நாள். எப்போதும் அம்மாதான் வருவார்கள். இந்த முறை நீங்கள் வருகிறீர்களா?"

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.