ஷட்டர் இறக்கும் முன்: இன்னும் எத்தனை நிமிடம்?

இரவு ஒன்பது மணி. கல்லாவை எண்ணியாகிவிட்டது. கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிற்கிறான். கம்ப்யூட்டரில் மட்டும் பச்சைக் கோடு ஒன்று, 92 சதவீதம், மீதி 1 நிமிடம் என்று காட்டுகிறது. கால் மணி கழித்துப் பார்த்தாலும் அதே 1 நிமிடம்தான். "எல்லாம் ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சுவிட்சை அணைத்து வீட்டுக்குப் போகிறோம். நமது பெண்ணாடம் கடைவீதியில் ஒரு நாளாவது இப்படிச் செய்யாத வணிகர் இருந்தால் அவருக்கு என் வணக்கம். நானும் செய்தவன்தான்.

அப்படிப் பாதியில் அணைத்த பேக்கப்பை ஒருநாள் அவசரத்துக்குத் திறந்தேன், திறக்கவில்லை. மூன்று வார வரவு செலவைப் பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. பில்லாவது இருந்தது. வசூல் பதிந்தது கம்ப்யூட்டரில் மட்டுமே. "அதைத்தான் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே, முதலாளி" என்று சொன்னவர்களிடம் மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை. அவர்களில் உண்மையாகவே கொடுத்தவர்களும் உண்டு என்பதுதான் மனதை உறுத்தியது.

நாள்வழியும் பேரேடும் எழுதிய காலத்தில், எத்தனை பக்கம் ஏறியது, எத்தனை பாக்கி என்பது கண்ணுக்குத் தெரியும். இப்போது திரை சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திரை காட்டும் நேரம் ஒரு மதிப்பீடுதானே தவிர வாக்குறுதி அல்ல. இதுவரை எவ்வளவு தகவல், எத்தனை நிமிடத்தில் போனது என்று பார்த்து, மீதிக்கும் அதே வேகம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. 4 ஜி.பி.யில் 1 ஜி.பி. ஐந்து நிமிடத்தில் போனால், மீதி 15 நிமிடம் என்கிறது. ஆனால் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. பென்டிரைவுக்கு அனுப்பும்போது தகவல் முதலில் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் தங்குவதால் ஆரம்பத்தில் வேகமாகத் தெரியும்; பிறகு பென்டிரைவின் உண்மையான வேகம் வெளிப்பட்டு நத்தையாகிவிடும். சிறுசிறு ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் இதே கதி. நகல் முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் கடைசிப் பகுதி எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் பென்டிரைவைப் பிடுங்கினால் பேக்கப் வீண்.

பெரிய மொத்த வியாபாரிகள் சிலரது பில்லிங், எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தளத்தில் ஓடுகிறது. அதில் பேக்கப் எத்தனை சதவீதம் முடிந்தது, மீதி நேரம் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பத்துப் பத்து சதவீதமாகச் செய்தி சொல்லும்படியும் வைக்கலாம். ஆனால் 100 காட்டிய பிறகும் சிறிது நேரம் ஓடும். பேக்கப் நடந்தபோது பதிந்த பில்களின் குறிப்பையும் கடைசியில் சேர்த்து எழுதுகிறது. முடிந்தது என்ற செய்தி தனியாக வரும். அதற்கு முன் கை வைக்கக் கூடாது.

ஆகவே என் கருத்து இதுதான். கோட்டை நம்பாமல் நோட்டை நம்புவோம். கல்லாப்பெட்டி அருகே ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், பேக்கப் ஃபைலின் அளவு, இவ்வளவு எழுதினால் போதும். பத்து நாள் எழுதினால் நமது கடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எந்த சாஃப்ட்வேர்காரரையும்விட நமக்கு நன்றாகத் தெரியும். தினமும் 30 நிமிடம் ஆவது ஒருநாள் 4 நிமிடத்தில் முடிந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். ஃபைலின் அளவு திடீரென்று சுருங்கினாலும் அப்படியே. நடுவில் கோடு நின்றுபோனால் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை ஃபைல் அளவைப் பாருங்கள். கூடியிருந்தால் வேலை நடக்கிறது. அப்படியே இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் நமக்குப் புதிதல்ல. பீங்கான் சூளையில் கூம்பு வைத்துச் சுடும் முறை உண்டு. கடிகாரம் என்ன சொன்னாலும், உள்ளே வைத்த கூம்பு வளைந்தால்தான் சூடு போதும் என்று கொள்வார்கள். நமக்கும் ஒரு கூம்பு வேண்டும். அது, பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து நேற்றைய கடைசி பில் எண்ணைப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற உலகறிந்த கம்ப்யூட்டர் நிறுவனமே தவறுதலாகத் தன் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. வழக்கமான பேக்கப் பல நாட்களாகத் தோற்றுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகலால் பிழைத்தார்கள். அப்படியும் சுமார் ஆறு மணி நேரப் பதிவுகள் போயின.

நமது கடலூர் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலையும் யாரும் மறக்கவில்லை. யு.பி.எஸ். 20 நிமிடம் தாங்கும், பேக்கப்புக்கு 35 நிமிடம் வேண்டும் என்று முன்பே தெரிந்தவர், மின்சாரம் இருக்கும்போதே முடித்துவிடுவார். தெரியாதவர் இருட்டில் நிற்பார்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு விவரம் தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். 2023-24 கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும், அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்று விதி 57 கூறுகிறது. அதிகாரி கேட்கும்போது 92 சதவீதம் ஏறியது என்று சொல்ல முடியாது.

சாஃப்ட்வேர் விற்பவர்களிடமும் ஒரு கோரிக்கை. வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறீர்கள். அழகான கோட்டுக்குப் பதிலாக, எத்தனை பில் ஏறியது, கடைசி பில் எண் என்ன, நேற்று எத்தனை நிமிடம் ஆனது என்று திரையில் காட்டுங்கள். சங்கம் இதை உறுப்பினர்கள் சார்பில் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் தனியாக ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அவரவர் பேக்கப்பை அவரவரே திறந்து பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். என் பென்டிரைவை முதல் ஆளாகக் கொண்டு வருகிறேன்.