லாரியின் மூச்சுக்குழல்

மேட்டில் திணறும் பழைய லாரிக்குப் பெரிய டர்போ சார்ஜர் மாட்டினால் பறக்கும் என்பது டிரான்ஸ்போர்ட் நகர்களில் நெடுநாளாக உலவும் நம்பிக்கை. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, டர்போவுக்குக் காற்றைக் கொண்டு வரும் குழாயில் இருக்கிறது. டர்போவுக்கு யோசிக்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கும் உரிமையாளர், குழாய் என்றதும் பட்டறை மூலையில் கிடக்கும் பழைய சைலன்சர் பைப்பை வெட்டி ஒட்டச் சொல்லிவிடுகிறார். கடன் வாங்கி ஒரே ஒரு லாரி ஓட்டுபவருக்கு அந்த ஒட்டு எஞ்சினையே விலையாகக் கேட்கலாம்.

டர்போ புதுச் சரக்கு அல்ல. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இந்தியாவில் 2000ல் வந்த ‘இந்தியா 2000’ மாசு வரம்பும், அதன் பின் வந்த பாரத் ஸ்டேஜ் வரம்புகளும் லாரிகளில் டர்போவைச் சர்வசாதாரணமாக்கின.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று தேவை. கரும்புகை வராமல் இருக்க அதைவிடக் கணிசமாக அதிகம் வேண்டும். டீசல் பம்ப்பைத் திருகிக் கூடுதல் டீசல் விடுவது சுலபம்; அதற்கு ஈடான காற்றைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

கணக்கு இதோ. 6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் ஏறக்குறைய 7,000 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் தேவை 12,000 லிட்டரைத் தொடும். இவ்வளவும் 75 மி.மீ. குழாயில் போக வேண்டுமானால் காற்று மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பாய வேண்டும். 100 மி.மீ. குழாய் என்றால் 90 கி.மீ. போதும். வேகம் கூடினால் தடை அதன் இருமடிப்பெருக்கத்தில் ஏறும். அதாவது, சிறிய குழாயில் தடை 3 மடங்குக்கும் அதிகம். ஓர் அங்குல வித்தியாசம் செய்யும் வேலை இது.

தடை அதிகமானால் சக்தி குறைவதோடு விஷயம் முடிவதில்லை. வாயை மூடிக்கொண்டு உறிஞ்சுவது போல, டர்போ தன் அச்சின் சீலைத் தாண்டி எஞ்சின் ஆயிலையே இழுக்கத் தொடங்கும். ஆயில் அதிகமாகப் போனால் எஞ்சின் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். காற்று வரும் வழியை அடைத்தால்தான் அடங்கும்.

எனவே குழாயைப் பெரிதாக்கும்போது ஏர் ஃபில்டரையும் பெரிதாக்க வேண்டும். பழைய சிறிய ஃபில்டரை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் அகலமாக்குவது, குறுகலான வாசலுக்குப் பின்னால் பெரிய ஹால் கட்டுவது போன்றது. கனரக டர்போ டீசல் எஞ்சின்களில், ஃபில்டர் அழுக்கேறிய நிலையிலும் உறிஞ்சும் தடை சுமார் 635 மி.மீ. நீர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலான வரம்பு. ஃபில்டர் பக்கத்தில் பொருத்தும் சிறிய இண்டிகேட்டர் இந்த வரம்பைத் தாண்டியதும் சிவப்பைக் காட்டும். விலை மலிவு, ஆனாலும் பலர் வாங்குவதில்லை.

அடுத்தது வளைவு. பட்டறைகளின் பழைய முறை, குழாயில் மணலை அடைத்து, சூடாக்கி வளைப்பது. வளைவு ஓரளவு நசுங்காமல் வரும். ஆனால் உள்ளே மணல் துகளும் சூட்டில் உரிந்த இரும்புச் செதிலும் தங்கிவிடும். தயாராக விற்கும் வளைவுகளை வாங்கி இணைப்பது நல்லது. இல்லையென்றால் குழாயைச் சாய்வாக வெட்டி, துண்டு துண்டாகச் சேர்த்து வளைக்கலாம். துண்டுகள் அதிகமானால் காற்று சீராகத் திரும்பும். பற்றவைக்கும் வேலையும் கூடும். டர்போவின் வாயிலேயே வளைவை வைக்கக்கூடாது. அதற்கு முன் குழாயின் விட்டத்தைப் போல் 2, 3 மடங்கு நீளமாவது நேராக இருந்தால்தான் காற்று சுழலாமல் நுழையும்.

ஆபத்தான கட்டம் வெல்டிங். லாரி டர்போவின் காற்றுச் சக்கரம் மெல்லிய அலுமினிய இதழ்களால் ஆனது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுழல்வது. ஆர்க் வெல்டிங்கில் குழாயின் உட்புறம் ஒட்டிய கசடும் தெறித்த இரும்பு மணிகளும் அன்றைக்கே விழாது. சில நூறு கிலோமீட்டர் அதிர்வுக்குப் பிறகு ஒரு மணி உதிரும். கடுகளவு போதும், இதழ் சிதைந்துவிடும். சிதைந்த துண்டுகளின் அடுத்த நிறுத்தம் சிலிண்டர். டிக் வெல்டிங் சுத்தமாக இருக்கும். ஆனால் கை பழகிய ஆள் வேண்டும். எந்த முறையானாலும் உட்புறத்தைத் தேய்த்து, கழுவி, விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

முழுக் குழாயையும் இரும்பிலேயே செய்துவிடவும் முடியாது. எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்களில் ஆடுகிறது. ஃபில்டரோ சேஸிஸில் உட்கார்ந்திருக்கிறது. இடையில் வளைந்துகொடுக்கும் ஹோஸ் இல்லாவிட்டால் குழாய் விரிசல் விடும். இதில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதி. உறிஞ்சும் பக்கம் உள்ளே கம்பிச்சுருள் வைத்த ஹோஸ் வேண்டும். இல்லாவிட்டால் முழு வேகத்தில் அது ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் பழையபடி விரிந்துவிடுவதால் மெக்கானிக்கால் கோளாறைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அழுத்தும் பக்கத்தில் பிரச்சினை சூடு. 40 டிகிரி வெயிலில் இழுத்த காற்று இரு மடங்கு அழுத்தத்தில் வெளிவரும்போது 135 டிகிரியைத் தாண்டும். ரேடியேட்டர் ஹோஸ் அங்கே சில மாதத்தில் உப்பி வெடிக்கும். சிலிகான் ஹோஸும் போல்ட் வைத்த அகலமான கிளாம்பும் வேண்டும். குழாயின் விளிம்பில் சிறு மேடு எழுப்பாவிட்டால், அழுத்தத்தில் ஹோஸ் கழன்று ஓடும்.

ஒழுக்கிலும் இதே இரட்டை வேடம். டர்போவுக்குப் பின்னால் ஒழுகினால் ‘ஸ்ஸ்’ சத்தம், கரும்புகை, இழுவைக் குறைவு என்று உடனே புகார் வரும். கவனிக்காமல் ஓட்டினால் வெளியேறும் புகையின் சூடு ஏறி, 700 டிகிரிக்கு மேல் நீடித்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் ஒழுகினால் சத்தமே இருக்காது. வடிகட்டாத தூசி அந்த இடுக்கு வழியாக நுழைந்து ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஜல்லி குவாரியில் ஓடும் டிப்பர்களுக்கும், திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் லாரிகளுக்கும் இதுதான் முதல் எதிரி. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் லேசான அழுத்தத்தில் காற்று விட்டு, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். 10 நிமிட வேலை.

டர்போவே இல்லாமல் பிறந்த எஞ்சினுக்கு நல்ல குழாய் மட்டும் போதாது. அதன் அழுத்த விகிதம் அதிகம். பிஸ்டனைக் குளிர்விக்கும் ஆயில் ஜெட் பெரும்பாலும் இருக்காது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டிகளிலோ சென்ஸார்கள் கண்காணிப்பதால், பட்டறைக் கைவைத்தியம் அறவே கூடாது.

சட்டமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே வேலையைத் தொடங்கும் முன் போக வேண்டிய முதல் இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

அனுமதி கிடைத்து வேலையும் முடிந்தால், உரிமையாளர் பட்டறையில் கேட்க வேண்டியவை மூன்று: குழாயை மாட்டும் முன் அதன் உட்புறத்தைக் காட்டுங்கள், சோப்பு நீர் சோதனையை என் முன்னால் செய்யுங்கள், 500 கி.மீ. ஓடிய பிறகு கிளாம்புகளை மீண்டும் முறுக்கிக் கொடுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் தலையாட்டும் பட்டறையில் கூலி சற்று அதிகம் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.