காத்திருப்பும் ஓட்டமே



3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம்: ஒரே நாளில் இம்மூன்றையும் முடிக்கவேண்டிய போட்டி ‘அயர்ன்மேன்’. 2017 மே மாதம் பிரேசிலில் இதில் சாதனை படைத்தவர் பிரிட்டன் வீரர் டிம் டான். அக்டோபரில் ஹவாயில் உலகப் போட்டிக்குச் சில நாட்களுக்குமுன், சைக்கிள் பயிற்சியின்போது வாகனம் மோதி, அவருடைய கழுத்து முள்ளெலும்பு முறிந்தது.

மண்டையோட்டில் திருகாணிகளால் பொருத்திய உலோக வளையத்தோடு ஏறக்குறைய 3 மாதம் காத்திருந்தார். படிப்படியாகப் பயிற்சி செய்தார். 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 3 மணி நேரத்திற்குள் ஓடினார். அக்டோபரில் அதே ஹவாயில் போட்டியை நிறைவுசெய்தார்.

சோர்ந்து படுத்த எலியாவைத் தேவதூதன் எழுப்பிப் போஜனம் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான். இரண்டாந்தரம் புசித்த பிறகே நாற்பது நாள் பிரயாணம்.

பிரியமானவர்களே, விபத்தில் கால் முறிந்த சகோதரனை, “விசுவாசமிருந்தால் எழுந்து நடப்பீர்” என்று நாம் அவசரப்படுத்துகிறோமா? வேலை போய்விடுமோ என்றஞ்சி, கட்டுப் பிரிக்குமுன்னே அவர் பணிக்குத் திரும்ப விட்டுவிடுகிறோமா? மருத்துவர் குறித்த நாட்களும் கர்த்தருடைய கரத்திலிருக்கின்றன. அவருக்காக ஜெபிப்போம், அம்மாத வாடகையையும் சபையாகத் தாங்குவோம். ஆமென்.