ஏலமலை ஆராய்ச்சி யாருக்காக?

குரங்கணிச் சரிவிலும் போடிமெட்டுக்கு அப்பாலும் ஏலத்தோட்டத்தில் பாடுபடுகிறவர்களுக்குப் பட்டம் இல்லை. ஆனால் எந்த நிழல் மரத்தை வெட்டினால் செடி வாடும், மருந்தடித்த பிறகு தேனீ வந்ததா, யாருக்குத் தலை சுற்றியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தேனீ வராவிட்டால் ஏலத்தில் காய் பிடிக்காது. இந்த அனுபவத்தை ஒதுக்கிவிட்டு மலையைக் காக்கப் போவதாகச் சொல்லும் ஆராய்ச்சி அரைகுறையே என்கிறோம்.

இன்று ஏலமலையில் பரவியிருக்கும் ஞள்ளானி ரகத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவர் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி அல்ல. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப். உழைப்பவன் கையிலும் விஞ்ஞானம் உண்டு.

காசர்கோட்டைப் பாருங்கள். அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் 20 ஆண்டுகளுக்கு மேலாக, 2000 வரை, ஹெலிகாப்டரில் என்டோசல்பான் தெளித்தார்கள். பட்ரே கிராமத்தில் நோயும் ஊனமும் பெருகியதை அனுபவித்தவர்கள் ஊர் மக்கள். அதைக் குறித்துவைத்து எழுதியவர் உள்ளூர் டாக்டர் மோகன குமார். 2001-ல் தேசியத் தொழில்சார் சுகாதார நிலையத்து விஞ்ஞானிகள் அந்த ஊருக்கே வந்து, பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, வேறு ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். மக்கள் சொன்னதற்குச் சான்று கிடைத்தது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த விஷத்துக்குத் தடை போட்டது. மக்களின் அனுபவம், விஞ்ஞானியின் சோதனை, சங்கத்தின் போராட்டம் மூன்றும் சேர்ந்ததால் வந்த வெற்றி இது!

ஒரு மருந்துக்குத் தடை வந்தால் வேறு மருந்து வருகிறது. மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க இறங்கலாம்? இதை விடிகாலை ஜீப்பில் மலையேறும் பெண்ணுக்கு யார் சொல்கிறார்கள்?

எனவே நாம் கோருகிறோம்: ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் முதலாளியின் பங்களாவோடு திரும்பக் கூடாது, தொழிலாளர் குடியிருப்புக்கும் வர வேண்டும். செடியையும் மண்ணையும் சோதிப்பதோடு, மருந்தடிப்பவரின் உடலையும் சோதிக்க வேண்டும். எதை ஆராய்வது என்று முடிவு செய்யும்போதே தொழிலாளர்களைக் கேட்க வேண்டும். அதற்கு வரும் நாளுக்குக் கூலி தர வேண்டும். கண்ட முடிவைத் தமிழில் எழுதிக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

ஆலைத் தோழர்களே! பஞ்சுத் தூசி நெஞ்சை அடைப்பதை முதலில் அறிந்தது உங்கள் நெஞ்சுதான். மலையில் உழைக்கும் சகோதரிகளின் இந்தக் கோரிக்கை உங்கள் கோரிக்கையும் ஆகும். சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்!